கடைசிக் கட்டி உருகும் வரை

கத்திரி பிறந்த நாலாம் நாள் சாயங்காலம் மேற்கேயிருந்து காற்று வந்தது. திருவெறும்பூர்க் குடியிருப்பில் பால்கனிக்குப் பால்கனி ஜனங்கள் வந்து நின்று, மழையையே பார்த்துவிட்ட மாதிரி சிரித்தார்கள். யாமினியும் சிரித்தாள். கல்லூரிப் பெண் போல முந்தானையைக் காற்றில் பறக்கவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் உள்ளே வந்து சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"நிறை, இங்க வந்து தொட்டுப் பாரேன்! சுவரு ஜில்லுனு ஆயிடுச்சுடி!"

மகள் நிறைமதி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை, பச்சை உடம்பு. அவள் மெல்ல எழுந்து வந்து சுவரைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். முகம் வெளிறிப்போனது.

அந்த ஊரில் வாழாதவர்களுக்கு உப்புச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பகலில் கரண்ட் ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டும்தான் என்று ஆகிப்போன காலம் அது. வெளியே நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று வெயில் மண்டையைப் பிளக்கும். அதற்காக வெயில் வாரியம் வீட்டுக்கு வீடு தடித்த சுவர் கட்டி, அதற்குள் ஒரு தினுசு உப்பை நிரப்பிக் கொடுத்திருந்தது. அந்த உப்பு இருபத்தொன்பது டிகிரியில் உருகும். வெளியிலிருந்து வரும் சூடெல்லாம் உப்பை உருக்குவதிலேயே செலவாகிப் போவதால், வீட்டுக்குள் வெப்பமானி முள் இருபத்தொன்பதைத் தாண்டாது. சுவர் நிறையக் கட்டி இருந்தாலும் இருபத்தொன்பதுதான். ஏதோ ஒரு மூலையில் கைப்பிடிக் கட்டி மிச்சம் இருந்தாலும் இருபத்தொன்பதுதான். கடைசிக் கட்டியும் உருகிய பிறகுதான் முள் கிளம்பும், கிளம்பினால் அப்புறம் யார் சொல்லியும் நிற்காது. ராத்திரி ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தால் வெளிக்காற்று பட்டு உப்பு திரும்பக் கட்டியாகிவிடும். மறுநாள் வெயிலுக்குச் சுவர் தயார்.

ஆனால் ராத்திரி என்று ஒன்று குளிர வேண்டுமே. அந்த வருஷம் கத்திரியின் முதல் மூன்று ராத்திரிகளும் முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை. பகலில் உருகியது ராத்திரியில் உறையவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கட்டி குறைந்துகொண்டே வந்தது, முள் மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருபத்தொன்பதிலேயே நின்றது. அன்றைக்குக் காலையில்கூட எதிர்வீட்டு சஹானா அக்கா பால்கனியிலிருந்து, "உங்க வீட்டுல எவ்வளவுடி காட்டுது?" என்று கேட்டாள். "எங்களுக்கென்னக்கா, இருபத்தொன்பதுதான்" என்றாள் யாமினி. "எங்க வீட்டுலயும் அதேதான்" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான்.

"அம்மா, இது நல்லதுக்கில்லம்மா" என்றாள் நிறைமதி. அவள் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். "இந்நேரம் சுவரு வெதுவெதுன்னு இருக்கணும்."

"என்னடி சொல்ற? குளுந்தா நல்லதுதானே?"

"உறையுற உப்பு சூட்டை வெளியே தள்ளும்மா. பகல் பூரா உருகும்போது எவ்வளவு சூட்டை வாங்குச்சோ, அவ்வளவையும் திருப்பி விட்டாத்தான் அது கட்டியாகும். அதனால உறைஞ்சு முடியுற வரைக்கும் சுவரு இருபத்தொன்பதுலதான் நிக்கும், கீழ இறங்காது. இங்க பாரு, இருபத்தாறு. ஒரு பொட்டுகூட உறையல. தண்ணியாவே ஆறிக் கெடக்கு."

"ஆறிடுச்சில்ல, ராத்திரிக்குள்ள தானா உறைஞ்சிடும் போ."

"பாலு ஆறுனா தானா தயிராயிடுமா? உறை ஊத்த வேணாம்? உள்ள எங்கயாவது ஒரு கட்டி மிச்சம் இருந்திருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததெல்லாம் கட்டியாகியிருக்கும். நம்ம சுவருல ஒண்ணுமே மிச்சமில்ல. உறைக்கட்டியைப் போட்டாகணும். எங்கம்மா வெச்ச?"

தை மாதத்தில் சுவர் இறுகிக் கிடக்கும்போது மேல்வாயைத் திறந்து ஒரு கட்டியை உடைத்தெடுத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்து, ஈர மணல் பானைக்குள் புதைத்து வைப்பது அந்தக் குடியிருப்பில் எல்லோர் வீட்டிலும் வழக்கம். மணலுக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சமையல், குழந்தைக்குத் துணி அலசுவது என்று ஓடிக்கொண்டிருந்ததில் யாமினி எத்தனை நாள் தண்ணீர் தெளித்தாள், எத்தனை நாள் மறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மணல் பொரி மணல் மாதிரி காய்ந்து கிடந்தது. டப்பாவைத் திறந்தால் உள்ளே தளதளவென்று தண்ணீர்.

"ஐயோ கடவுளே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள் யாமினி.

"இந்தக் காத்து ஒரு ராத்திரிதான் இருக்கும்னு சொல்றாங்கம்மா. நாளைக்குப் பழையபடி வெயில்தான். சுவருல கட்டி இல்லன்னா மத்தியானத்துக்குள்ள வெளிய இருக்கிற சூடு அத்தனையும் உள்ள இருக்கும். நீயும் நானும் எப்படியாவது தாங்கிடலாம்." நிறைமதி தொட்டிலைப் பார்த்தாள். "பாப்பா தாங்க மாட்டா."

அவளுடைய கணவன் குன்னூரில் வேலை பார்க்கிறான். மலையில் புதுக் குடும்பங்களுக்கு வீடு கொடுப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆண்கள் விடுதியில் ஒண்டிக்கொண்டிருக்கிறான். வேறு போக்கிடம் கிடையாது.

யாமினி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சுண்டைக்காய் அளவு கட்டி கிடைத்தால் போதும், முழுச் சுவரும் விடிவதற்குள் இறுகிவிடும். எதிர்வீட்டில் இல்லாத கட்டியா?

சஹானா அக்கா வீட்டு வாசலில் விளக்கு ஏற்றியாகிவிட்டிருந்தது. தட்டிய பிறகு வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது, அதுவும் பாதி. எப்போதும் "வாடி உள்ள" என்று கையைப் பிடித்து இழுக்கிறவள் அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். உள்ளே, பக்கவாதத்தில் படுத்திருக்கும் கவின் மாமா இருமுவது கேட்டது.

"அக்கா, உறைக்கட்டி ஒரு துணுக்குக் கொடுங்களேன். எங்க சுவரு கொஞ்சம் மெதுவா உறையுற மாதிரி இருக்கு, அதான்."

கவனியுங்கள், 'மெதுவாக உறைகிறது' என்றாள். மொத்தமும் உருகிப் போய்விட்டது, என் பேத்தி பிழைக்க மாட்டாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சுவரை முழுசாக உருகவிட்டவள் என்றால் அந்தக் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. பகலில் கதவைத் திறந்து போட்டிருப்பாள், வெட்டிக்கு ஜன்னலில் நின்றிருப்பாள், குடும்பம் நடத்தத் தெரியாதவள் என்று ஜாடைமாடையாகப் பேசுவார்கள். யாமினியே மற்றவர்களை அப்படிப் பேசியிருக்கிறாள்.

சஹானா அக்காவின் பார்வை விளக்கின் மேல் போனது.

"விளக்கு வெச்சாச்சேடி" என்றாள். "விளக்கு வெச்ச பொறவு வீட்டு உப்பை வெளிய கொடுக்கலாமா? அதுவும் வெள்ளிக்கிழமை. தப்பா நினைச்சுக்காத. விடிஞ்சதும் மொத ஆளா வா, தர்றேன்."

"அக்கா, அது சாப்பாட்டு உப்பு கூட இல்லக்கா…"

"உப்பு உப்புதான. மாமா வேற இப்படிக் கெடக்குறாரு. எனக்கு மனசு கேக்கலடி." கதவு சாத்திக்கொண்டது.

இவள் புருஷனுக்கு ராத்திரி மருந்து வாங்க எத்தனை தடவை ஓடியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே யாமினி மாடிப்படி ஏறினாள்.

மேல்மாடியில் தன்ராஜ் சார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கூட்டம் போட்டால் உறைக்கட்டியை எப்படிப் பாதுகாப்பது என்று அரை மணி நேரம் பேசாமல் விட மாட்டார். அவர் வாசலிலேயே நின்று கதவைப் பின்னால் இழுத்து மூடிக்கொண்டார்.

"எங்க சுவரா? பாறை மாதிரி இருக்கும்மா, பாறை! கட்டிக்கென்ன, தாராளமா தரலாம். ஆனா வீட்டம்மா விளக்கு வெச்சுட்டாளே. இப்ப உப்பை எடுத்தா என்னைத் தொலைச்சுடுவா. காலையில வாங்கிக்கிறியா?"

"காலையில உறுதியா கிடைக்குமா சார்?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? நான் எங்க ஓடிடப் போறேன்?"

கீழே வந்ததும் யாமினி செருப்பை மாட்டினாள். அரியமங்கலத்தில் வாரியத்தின் உப்புக் கிடங்கு இருக்கிறது. ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். ஷேர் ஆட்டோவில் போனால் போய்வந்துவிடலாம். ஆனால் நிறைமதிக்கு உடம்பு லேசாகக் கொதித்தது, குழந்தை வேறு பாலுக்கு அழுதது. இந்த நேரத்தில் இரண்டையும் தனியே விட்டுவிட்டு ஊர் தாண்டிப் போவதா?

"விடியறதுக்கு முன்னாடி போட்டா போதுமாடி?"

"சூரியன் வர்றதுக்கு முன்னாடி போட்டுட்டா பாதிச் சுவராவது பிடிச்சுக்கும். சாயங்காலம் வரைக்கும் சமாளிச்சிடலாம்" என்றாள் நிறைமதி. "ரெண்டு பேரும் தர்றேன்னு சொல்லியிருக்காங்களேம்மா."

யாமினி செருப்பைக் கழற்றினாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு எதற்கு அலைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

அந்த ராத்திரி மாதிரி ஒரு ராத்திரி அதற்கப்புறம் அந்தக் கோடையில் வரவேயில்லை. ஊரே கொசுவலைக்குள் சுகமாகத் தூங்கியது.

கோழி கூப்பிடும் நேரத்துக்கு யாமினி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். இந்தத் தடவை கதவு உடனே திறந்தது. சஹானா அக்கா தூங்கியிருக்கவே மாட்டாள் போலிருந்தது. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. கையில் டப்பாவும் இல்லை, கட்டியும் இல்லை.

"யாமினி, என்னை மன்னிச்சிடுடி" என்று அழ ஆரம்பித்தாள். "எங்கிட்ட இல்லடி. நேத்து மத்தியானமே உறைக்கட்டியையும் சுவருக்குள்ள போட்டுட்டேன். மாமா வெக்கை தாங்காம கத்துனாரு. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கட்டுமேன்னு போட்டேன். விதைநெல்லைப் பொங்கித் தின்ன கதையாயிடுச்சு."



"அதை நேத்து சொல்றதுக்கென்னக்கா? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கிடங்குக்கு ஓடியிருப்பேனே! உங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டு வந்திருப்பேனே!"

"எப்படிடி சொல்லுவேன்? உங்க வீட்டுல எல்லாம் நல்லா இருக்குன்னு நீ சொன்ன. நான் மட்டும் சுவரை உருக விட்டவள்னு… வாயில வந்தது அதுதான், விளக்கு வெச்சாச்சுன்னு."

யாமினி மேல்மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினாள். தன்ராஜ் சார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, கையில் இருந்த டப்பாவைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் சலசலத்தது.

"எங்க சுவரும் தண்ணிதாம்மா" என்றார். "தலைவர் வீட்டுலயே இல்லன்னா ஊரு என்ன பேசும்னு பார்த்தேன். உனக்கு எதிர்வீட்டுல கிடைச்சிடும்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேருகிட்டயிருந்து நான் வாங்கிக்கலாம்னு இருந்தேன்."

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த நாலு மாடியில் ஒரு வீட்டிலும் ஒரு துணுக்குக் கட்டி இல்லை. நிறைந்த குளிர் ராத்திரி ஒன்று எல்லார் ஜன்னல் வழியாகவும் வந்து, தேடிப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பிப் போயிருந்தது.

யாமினி கீழே ஓடினாள். படியில் சஹானா அக்கா வழிமறித்துக் கையைப் பிடித்தாள்.

"மாமாவைத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாதுடி. எனக்கும் கொஞ்சம் வாங்கிட்டு வந்துடு. மாமாவை உன் பிள்ளையா நினைச்சுக்கோ."

"தர்றேன்க்கா. கையை விடுங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

கிடங்கின் தெருமுனைக்குப் போனதும் அவள் நின்றுவிட்டாள். வரிசை மேம்பாலம் வரைக்கும் நின்றது. பொன்மலை, காட்டூர், பால்பண்ணை என்று ஊர் மொத்தமும் அங்கே இருந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் நின்றார்கள். எதிர்வீட்டில் இருக்கும், மாடி வீட்டில் இருக்கும் என்று ராத்திரி நம்பித் தூங்கியவர்கள் அத்தனை பேரும்.

வாரியத்து ஆள் ஜன்னலுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே கட்டிகளை எடுத்துக் கொடுத்தான். "ஆளுக்கு ஒண்ணுதான்! தள்ளாதீங்க! நேத்து சாயங்காலத்துலேருந்து கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், ஒரு ஈ காக்கா வரல. இப்ப வந்து முட்டுறீங்க!"

யாமினியின் முறை வந்தபோது காற்று நின்று, வெயில் கழுத்தில் சுள்ளென்று ஏறியிருந்தது. தேங்காய் அளவுக்கு ஒரு கட்டியை ஈரம் சொட்டும் பாலித்தீன் பையில் போட்டு முடிந்து கொடுத்தான். அவள் அதை முந்தானையில் சுற்றி மாரோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். குளிர்ச்சி ரவிக்கையைத் தாண்டி உள்ளே இறங்கியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் முள்ளைப் பார்த்தாள். முப்பத்திரண்டு.

"மேல்வாயைத் திற, சீக்கிரம்!" என்று நாற்காலியை இழுத்தாள்.

"வேணாம்மா." நிறைமதி தொட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் நெஞ்சு விசுக் விசுக்கென்று ஏறி இறங்கியது. "போடாத. இனிமே உறையாது."

"ஏன் உறையாது? உறைக்கட்டிதான இது?"

"இருபத்தொன்பதுக்குக் கீழ இருந்தாத்தான் உறை வேலை செய்யும். ராத்திரி போட்டிருந்தா இந்தக் கட்டி சுவரு பூரா கட்டியாக்கியிருக்கும். இப்ப போட்டா, சுவரு இதை உருக்கிடும். அவ்வளவுதான்."

யாமினி நாற்காலியின் மேல் நின்றபடியே கையிலிருந்ததைப் பார்த்தாள். நாலு மாடியையும் காப்பாற்றியிருக்கும் கட்டி. இப்போது அது குளிர்ந்த ஒரு கட்டி, அவ்வளவுதான். ஆனாலும் குளிர்ந்த கட்டி.

இறங்கி வந்தாள். பையைத் துண்டில் சுற்றித் தொட்டிலுக்குள், குழந்தையின் முதுகுக்குக் கீழே மெல்ல நுழைத்தாள். குழந்தை சிலிர்த்துக்கொண்டு முனகியது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நிதானமானது. நிறைமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்கு?" என்றாள் யாமினி.

"போன் பண்ணினேன். கேட்டைப் பூட்டிட்டாங்களாம். வராண்டாவுலகூட இடமில்லையாம்."

"இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியலம்மா. கட்டி இருக்கிற வரைக்கும் தாங்கும்."

"பாதியா உடைச்சா?"

"பாதி நேரம்."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. யாமினிக்கு யார் என்று தெரியும். எழுந்து போய்க் கதவைத் திறந்தாள், பாதி மட்டும்.

சஹானா அக்கா கையில் ஒரு கிண்ணத்தோடு நின்றாள். வியர்வையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"வந்துட்டியாடி? சத்தம் கேட்டுச்சு. சுவருக்குப் போட முடியாதுன்னு தன்ராஜ் சார் சொல்லிட்டாரு. பரவால்ல. மாமாவுக்குக் கண்ணு சொருகுது. ஒரு துண்டு கொடு, நெஞ்சுல வெச்சுப் பாக்குறேன்."

ஒரே ஒரு துண்டு. உடைத்துக் கொடுத்தால் யார் செத்துப் போய்விடப் போகிறார்கள்? அதைத்தான் யாமினி யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"கிடைக்கலக்கா. எனக்கு முன்னாடி நின்ன ஆளோட தீந்துடுச்சு."

சஹானா அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் மாரைப் பார்த்தாள். ரவிக்கையிலும் முந்தானையிலும் கட்டியை அணைத்து வந்த இடம் பெரிய வட்டமாக நனைந்து, இன்னும் காயாமல் கிடந்தது. யாமினி முந்தானையை இழுத்து மூடப் போனாள், கை வரவில்லை.

"பாப்பா தூங்குறாளா?" என்றாள் சஹானா அக்கா.

"ம்."

"தூங்கட்டும். கதவைச் சாத்திக்கோடி, வெக்கை உள்ள வருது பாரு."

அவளே கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டிலிருந்து பனைமட்டை விசிறியின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நடுவில் கொஞ்சம் நிற்கும், கை மாற்றிக்கொள்கிறாள் என்று தெரியும், மறுபடி கேட்கும். யாமினி தொட்டிலுக்குள் கையை விட்டுப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டி முதலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது, அப்புறம் நெல்லிக்காய் அளவுக்கு, அப்புறம் விரலுக்கு அகப்படவில்லை. பை குழந்தையின் உடம்புச் சூட்டுக்கு ஏறியது, பிறகு அதையும் தாண்டி ஏறியது.

விசிறிச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டதை அவள் அப்போதுதான் கவனித்தாள். வெளியே இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை.